அண்ணன் மகனுக்கு, ஒரு கத்தியின் பொருட்டு

அன்புள்ள மருமகனுக்கு,

தீபாவளியன்று உங்கள் வீட்டில் முறுக்குப் பொட்டலத்தின் கட்டை அவிழ்க்க முடியாமல் நான் தடுமாறியபோது, நீ கால்சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து நொடியில் அறுத்துக் கொடுத்தாய். இது எப்போதும் பையில் இருக்குமா என்று கேட்டேன். "இருக்கும் அத்தை, எதற்கும் இருக்கட்டுமே" என்றாய். கூடம் நிறைய விருந்தினர் இருந்ததால் அப்போது பேச்சை வளர்க்கவில்லை. உன் பதிலில் இருந்த அந்த 'எதற்கும்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலவே கத்தி சேர்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும் என்பதால், உன்னிடம் கேட்டுக்கொண்டே இதைப் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். அது ஒப்பினெல் என்பதை மரப்பிடியையும் கழுத்து வளையத்தையும் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ழோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய எளிய கத்தி அது. அலகு விரலின்மேல் மடங்கிவிடாமல் தடுக்கும் அந்த வளையம் 1955இல்தான் வந்து சேர்ந்தது. படம் எடுத்துப் போடுவதற்காகச் செய்யப்பட்ட பளபளப்புக் கத்திகளுக்கு நடுவே, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்குவதற்காகப் பிறந்த ஒன்றை நீ தேர்ந்தெடுத்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அதை வைத்துக்கொண்டு நீ எம்ஆர்டி ரயிலில் போகிறாய். சிங்கப்பூரில் 1958ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம், தகுந்த அதிகாரமோ சட்டபூர்வமான காரணமோ இல்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு, உன் வயது ஆணுக்குப் பிரம்படியும் கிடைக்கலாம். ஆயுதம் என்றதும் வாளையும் வேலையும் நினைத்துக்கொள்ளாதே. தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய கருவி எதுவும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். அலகு இத்தனை அங்குலத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்று நண்பர்கள் சொல்லும் கணக்கை நம்பாதே. பொத்தானை அழுத்தியதும் அலகு பாய்ந்து வெளிவரும் கத்தியென்றால் நிலைமை இன்னும் கடுமையானது. அதைக் கையில் வைத்திருப்பதே குற்றமாகும், ஆகவே அந்த வகையைச் சேர்க்கும் ஆசையை அடியோடு விட்டுவிடு.

சமையற்காரர் தம் கத்திகளைத் துணியில் சுருட்டி வேலைக்கு எடுத்துப் போகிறார். மரம் கழிப்பவர் பாராங் என்ற மலாய் வெட்டுக்கத்தியை லாரியில் வைத்துக்கொண்டு போகிறார். வழியில் யாராவது நிறுத்தி இது எதற்கு என்று கேட்டால் 'இதற்கு' என்று அவர்களால் ஒரு வேலையைச் சுட்டிக்காட்ட முடியும். உன்னிடம் இருப்பது 'எதற்கும்' என்ற சொல் மட்டும்தான், அது பதிலாகாது. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். யாராவது உன்னை மிரட்டுகிறார்களா? அந்தப் பயத்தால்தான் அது பையில் இருக்கிறது என்றால், உன் அப்பாவிடம் சொல்லத் தயங்கினாலும் என்னிடம் சொல். கத்தி இருக்கும் பையில் பயம் குறையாது. கை அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும்.

இது எதற்கு என்ற கேள்வியைச் சட்டம் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே என்னைக் கேட்க வைத்தவர் உன் அப்பாயி, அதாவது என் அம்மா. மலேசியாவின் ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் அவர் பால்மரம் சீவிய கத்தி என் அலமாரியில் இருக்கிறது; நீ சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறாய், நினைவிருக்காது. ஒரு சாண் பிடி, அதன் முனையில் உள்ளங்கையைவிடச் சிறிய இரும்பு, அந்த இரும்பின் நுனியில் குறுகலாக மடிந்த ஒரு பள்ளம், அவ்வளவுதான். பார்ப்பவர்கள் இதைக் கத்தி என்றே நம்ப மாட்டார்கள்.

அந்தச் சிறு மடிப்புக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று சொல்கிறேன். ரப்பர் மரத்தின் பால் பட்டைக்குள் ஓடுகிறது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே, மரத்தை வளர்த்துக்கொண்டிருக்கும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அலகு அதைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக மீண்டும் வளராது, முண்டும் முடிச்சுமாகி அடுத்த முறை சீவ முடியாமல் போகும். ஆகவே அந்தப் படலத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இப்பால் அலகு நின்றுவிட வேண்டும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு முறையும் 1.5 மில்லிமீட்டர் போலச் சீவினால் போதும். பால்குழாய்கள் பட்டைக்குள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி வெட்டுக்கோடு இறங்க வேண்டும். அப்போதுதான் அதிகக் குழாய்கள் திறக்கும். வெயில் ஏறிவிட்டால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும் என்பதால், இவ்வளவையும் விடியுமுன், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் செய்ய வேண்டும். தம் நிரையில் இருந்த நூற்றுக்கணக்கான மரங்களில் உன் அப்பாயி நாள்தோறும் செய்தது இதுதான்.

இந்தச் சீவும் முறைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1877இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்து ரப்பர்க் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் இங்குள்ள தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல் பழைய வெட்டின் விளிம்பையே மீண்டும் மீண்டும் மெல்லச் சீவினால் பால் தொடர்ந்து வரும் என்று காட்டினார். அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்துவந்த மரம், இந்த முறையால் 25 ஆண்டுக்கு மேலும் பால் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த முறை தாவரவியல் தோட்டத்துக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள். ரிட்லியின் பெயரை எல்லோரும் அறிவார்கள். அவர் கண்டுபிடித்ததைத் தினமும் கையால் செய்து காட்டிய பெண்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தக் கத்திக்கு நான் ஒரு கேடு செய்தேன். அது என் கைக்கு வந்த புதிதில், கறுத்திருக்கிறதே என்று உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். துரு சிவப்பாக இருக்கும், இரும்பைத் தின்னும். நாட்பட்ட புழக்கத்தால் ஏறும் கறுப்பு இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கும். அந்த வேறுபாடு எனக்கு அப்போது தெரியவில்லை. அம்மா சாணை பிடித்த கோடுகள், ஒரு பக்கமாக மட்டும் தேய்ந்திருந்த விளிம்பு, எல்லாம் அரை மணி நேரத்தில் போய்விட்டன. இன்று அது யாருடைய கத்தியாகவும் இருக்கலாம். உன் கைக்குப் பழைய அலகு எதுவும் வந்தால், மென்துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பதைத் தவிர ஓராண்டு வரை வேறு எதுவும் செய்யாதே.

இங்குள்ள ஈரக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், எளிதில் துருப்பிடிக்கும் கரிம எஃகில் ஒரே இரவில் துருப்புள்ளி விழும். தோலுறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடாதே. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்புகளும் சேர்ந்து அலகைத் தின்றுவிடும். உறையைத் தனியாக வை. கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. நல்லெண்ணெய் தடவினால் நாளடைவில் பிசுக்காகிவிடும், தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயே போதும்.

என்னிடம் இருப்பவை மொத்தம் பதினொன்று. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன், மலாய்ப் பெரியவர் ஒருவரிடம் வாங்கிய பாராங் அவற்றில் ஒன்று. அதன் கனம் பிடிப்பக்கம் இல்லாமல் நுனிப்பக்கம் இருப்பது ஏன் என்று கேட்டேன். கை அசைத்தால் போதும், வெட்டுவது கனத்தின் வேலை என்று விளக்கினார். இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய அரிவாள்மனை இன்னொன்று. அதில் அலகு அசைவதே இல்லை. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் காயை அலகுக்குக் கொண்டுபோகிறோம். கத்தி என்றாலே கையில் பிடித்து ஓங்குவது என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். ஒவ்வொன்றுடனும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன்: எங்கே செய்தது, யார் பயன்படுத்தியது, எந்த வேலைக்கு. மூன்றாவது கேள்விக்கு விடை எழுத முடியாத கத்தியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

தமிழ்நாட்டுத் திருப்பாச்சேத்தியில் செய்த வீச்சரிவாள் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று அன்று சொன்னாயே, அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் காவல்துறையின் உரிமப் பிரிவுக்குப் படத்தோடு எழுதிக் கேள். எழுத்தில் பதில் வரும்வரை காத்திரு. விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணாதே. அதற்குப் பதில் கதிரறுக்கும் பன்னரிவாளைத் தேடிப் பார் என்பது என் ஆலோசனை. பற்கள் வெட்டிய அந்தச் சிறு வளைவில் இருக்கும் தொழில்நுட்பம் வீச்சரிவாளில் இல்லை. ஆனால் அதற்கும் முதலில் கேட்க வேண்டும்.

உன் ஒப்பினெலின் முனை சற்று மழுங்கியிருப்பதை அன்று நாடாவை அறுத்தபோதே கவனித்தேன். தீட்டுவதற்காக அதை என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வராதே. வரும் ஞாயிறு காலை நானே கல்லோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். 1000 எண் கல்லும் அதைவிட நயமான ஒன்றும் இருக்கின்றன. கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், அதற்குள் அண்ணியைத் தேநீர் போடச் சொல். கத்தியை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை