ஏழு வயது வாத்தியார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ பாடம் நடத்தும் பள்ளியில் தினமும் காலையில் பத்து நிமிஷம், மனசை அலையவிடாமல் கவனமாக இருக்கப் பழக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பீரியட் என்றாய். கண்ணை மூடச் சொன்னால் ஒருத்தன் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினால் வகுப்பே சிரிக்கிறது என்று புலம்பினாய். எனக்கும் சிரிப்புதான் வந்தது. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று நாங்கள் அதட்டிச் சொன்னதை, இப்போது கிண்ணத்தைத் தட்டிச் சொல்கிறார்களோ என்று ஒரு சந்தேகம்.

2007-ல் செயல்வழிக் கற்றல் எங்கள் பள்ளிக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். அட்டைகளைப் பரப்பிக்கொண்டு பிள்ளைகளோடு பாயில் உட்காரச் சொன்னார்கள். நாற்காலியை விட எனக்கு மனசே வரவில்லை. முட்டி வலி வேறு. அந்த வருஷம்தான் ஒரு குட்டிப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் வீட்டு ஆடு குட்டி போட்ட கதையைச் சொன்னாள். சத்துணவுக்கு எண்ணிக்கை அனுப்ப வேண்டிய நேரம். நான் வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டே "ம்... ம்... சரி" என்றேன். திடீரென்று பேச்சு நின்றது. ரெண்டு கை வந்து என் தாடையைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பியது. விரலெல்லாம் சாக்பீஸ் தூள். திருப்பி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்போதுதான் தெரிந்தது, ரெண்டாவது குட்டி செத்துப்போச்சு என்று அவள் சொன்ன இடத்திலும் நான் "ம், சரி" என்றிருக்கிறேன்.

நாற்காலியில் இருந்திருந்தால் அவள் கைக்கு என் தாடை எட்டியிருக்காது.

ஓய்வு பெற்ற பிறகு பௌத்தக் கதைகள் படிக்க ஆரம்பித்தபோது அந்தச் சாக்பீஸ் விரல் திரும்ப வந்தது. நீங்கள் மைண்ட்ஃபுல்னஸ் என்பதற்குப் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் சதி என்று பேர். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் போலீஸ் ஞாபகம்தான் வரும்! புத்தர் சொன்ன எண்வழிப் பாதையைத் தமிழில் எழுதியவர்கள் அதை நற்கடைப்பிடி என்றார்கள். இந்த நொடியில் நடப்பதை நழுவவிடாமல் பிடித்துக்கொள்வது என்று நான் புரிந்துகொள்கிறேன். அன்றைக்கு நழுவவிட்டது நான். அவள் அந்தக் குட்டியை விட்டு அசையவில்லை.

சாரிபுத்தரைப் பற்றி ஒரு கதை உண்டு. புத்தரின் சீடர்களில் அறிவில் முதல்வர் அவர். ஒருநாள் அவருடைய இடுப்பு ஆடை ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கியதை ஏழு வயதுச் சாமணேரன், அதாவது இளந்துறவி, ஒருவன் பார்த்துவிட்டு, ஆடை சுற்றிலும் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். அவர் ஒதுங்கிப் போய்ச் சரி செய்துகொண்டு வந்தார். இன்றைக்குத் துறவு பூண்ட ஏழு வயதுப் பிள்ளை எனக்குச் சொன்னாலும் அதைத் தலைமேல் ஏற்பேன் என்று அவர் சொன்னதாக மிலிந்த பஞ்ஹம் என்ற பாலி நூலில் வருகிறது. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் சொல்கிறேன், நம் தொழிலில் இதுதான் ரொம்பக் கஷ்டம். கரும்பலகையில் நாம் போட்ட கணக்கு தப்பு என்று ஒரு பொடியன் சொன்னால் முதலில் வருவது நன்றியா, எரிச்சலா? எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது.

புத்தரே ஒரு பிள்ளையிடம் போயிருக்கிறார், அந்தப் பிள்ளை அவரேதான். எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்து ஒன்றும் கிட்டாதபோது, சின்ன வயதில் அப்பா வேலையாக இருக்கையில் நாவல் மர நிழலில் தான் சும்மா அமைதியாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்ததாம். வழி அதுவாக இருக்குமோ என்று யோசித்து, அதுதான் என்று முடிவு செய்தார்.

அதற்காகப் பிள்ளைகள் எல்லாம் ஞானிகள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு பென்சிலுக்காகக் கடித்துக்கொள்கிற ஜென்மங்கள். மல்லாந்து கிடக்கிற பச்சைக் குழந்தைக்குள்ளும் ஆசையும் வெறுப்பும் உறங்கிக் கிடக்கின்றன என்று புத்தரும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒன்று. வியட்நாம் பிக்கு திக் நாட் ஹான் 1982-ல் பிரான்சில் பிளம் வில்லேஜ் என்ற மடத்தைத் தொடங்கினார். அங்கே இந்தக் கிண்ண மணியை அடிப்பது என்று சொல்வதில்லை, அழைப்பது என்பார்கள். அழைக்கிறவர் முதலில் தன் மூச்சைக் கவனித்துத் தன்னை நிதானப்படுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்து, அவர்களையே அழைக்க விடுகிறார்கள். நீயும் கிண்ணத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய் உட்கார். ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்தால் என்ன சொல்வார்களோ, அது உன் பாடு.

அப்புறம், அந்த ஒற்றைக் கண் பையனை அதட்டாதே. என்ன பார்க்கிறாய் என்று கேள். நீ கண்ணை மூடியிருக்கிறாயா என்று பார்க்கிறானோ என்னவோ. அவன் சொல்வதை எனக்கு எழுது.

கை முறுக்கு பார்சலில் போட்டிருக்கிறேன். பாதி உடைந்துதான் வரும்.

அன்புடன்,
அம்மா