இரவில் பிள்ளைகளுக்கு அரை டம்ளர் மஞ்சள் பால்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்கழிப் பனி தொடங்கியதிலிருந்து எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் முதல் பாடவேளையிலேயே நாலைந்து பிள்ளைகள் தலை சாய்த்துவிடுகிறார்கள். விசாரித்தால், "நேத்து தூக்கமே வரல மிஸ்" என்கிறார்கள். ராத்திரி டீ குடித்துவிட்டுப் படுத்ததாக ஒரு குழந்தை சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

டீ, காபி வேண்டவே வேண்டாம். எவ்வளவு பால் சேர்த்தாலும் அதிலுள்ள காஃபின் தூக்கத்தைத் தள்ளிப்போடும். சாக்லேட் பவுடர்களிலும் கொஞ்சம் காஃபின் உண்டு, சர்க்கரையும் அதிகம்.

வெறும் பாலே போதும். சளி, இருமல் காலம் என்பதால் மஞ்சள் பால் இன்னும் இதமாக இருக்கும். அரை டம்ளர் பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், தட்டிய ஏலக்காய் ஒன்று போட்டு, பச்சை வாசனை போகும்வரை சிறுதீயில் கொதிக்க விடுங்கள். மிளகுத்தூள் துளி போடலாம். முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். இறக்கியபின் பனங்கற்கண்டு அரை ஸ்பூன். கருப்பட்டி என்றால் தனியாகக் கரைத்து வடிகட்டி, பால் சற்று ஆறியதும் சேருங்கள். கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடும். அப்புறம் வடிகட்டி ஆற்றுங்கள். பால் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பல பிள்ளைகளுக்கு அந்த ஏடுதான் பிடிப்பதில்லை. சூட்டை நீங்கள் பார்த்த பிறகே டம்ளரைக் கையில் கொடுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கலாம். தூக்கம் வரட்டும் என்று ஜாதிக்காய் உரசிக் கலக்காதீர்கள். அளவு கூடினால் அது நஞ்சு. வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால், அதற்கு இந்தப் பாலும் வேண்டாம், தேனும் கூடவே கூடாது.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிட்டு, பல் துலக்கி, பாத்ரூம் போய்விட்டுப் படுக்கட்டும். பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கினால் பல் சொத்தையாகும். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஆறரைக்கு எழ வேண்டுமென்றால், இரவு எட்டரைக்குள் படுத்தால்தான் சரியாக இருக்கும்.

பால் மட்டுமே தூங்க வைத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிவியையும் போனையும் அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றிக் கொடுங்கள். பிள்ளை அப்போதுதான் வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்லும்.

ஷிப்ட் முடிந்து தாமதமாக வீடு திரும்பும் பெற்றோர்கள், பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று டைரியில் எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளைகளை மதியம் சற்று நேரம் படுக்க வைக்க ஆசிரியைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை