வயிற்று அறுவையும் காப்பீடும்: மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் வயிற்று அறுவைக்குக் காப்பீட்டு நிறுவனம் கேஷ்லெஸ் அனுமதியை, அதாவது மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவதை, மறுத்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். 'அழகுக்கான அறுவை' என்று ஒரே வரியில் காரணம் எழுதியிருக்கிறார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாவது பிரசவம் முடிந்து ஒன்றரை ஆண்டாகியும் நீ ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் படுக்கையிலிருந்து எழுகிறாய். இருமினால் தொப்புளுக்கு மேல் எலுமிச்சை அளவுக்குப் புடைக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேனே, அதில் அழகு எங்கே இருக்கிறது?

அழகுக்கான அறுவைக்குப் பணம் இல்லை என்ற அந்த விலக்கு விதி நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் வழக்கமாக இருப்பது. முழுவதையும் படி. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்குப் பணம் உண்டு. உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் உண்டு. அதற்கு மருத்துவர் சான்று தரவேண்டும். பிரசவம் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளை சுமந்து வயிற்றின் நடுவே இரு பக்கத் தசையும் விலகிப்போனவளை விட்டுவிட்டது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்தத் தசை விலகலைச் சரிசெய்யும் அறுவைக்கு உதவித்தொகை தருகிறது. பிரசவத்தால் தசை குறைந்தது 3 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும், வலியோ அது போன்ற தொல்லையோ இருக்க வேண்டும், பிசியோதெரபியில் சரியாகாமல் இருக்க வேண்டும். அளந்து பார்த்துக் கொடுக்கிறார்கள். இங்கேயும் அப்படி வரவேண்டும்.

இப்போது உன் காரியம். ஸ்கேனில் தசை விலகலோடு ஹெர்னியாவும் (குடலிறக்கம்) இருக்கிறது. மருத்துவமனை அனுப்பிய படிவத்திலோ வயிற்றுத் தோல் அறுவை மட்டும்தான் இருக்கிறதாம். ஹெர்னியா அழகுக் கணக்கில் வராது. தனி பாலிசியில் அதற்கு வழக்கமாக இரண்டு ஆண்டுக் காத்திருப்பு உண்டு. அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அதைத் தளர்த்தியிருப்பார்கள், கேட்டுப் பார். ஹெர்னியா, தசைத் தையல், தோல் நீக்கம் மூன்றுக்கும் தனித்தனியே செலவு மதிப்பீடு எழுதித் தரும்படி மருத்துவமனையிடம் சொல். பிசியோதெரபிச் சீட்டுகளையும் முதுகுவலிக்குப் பார்த்த சீட்டுகளையும் சேர்த்து அனுப்பு. தோலுக்கான செலவை ஹெர்னியாவில் சேர்த்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அது தெரியவந்தால் நியாயமான பணமும் போய்விடும்.

மறுத்ததை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். நீ இருக்கும் பெங்களூரிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

தோலையும் சரிசெய்துகொள்ள ஆசைப்படுவதாக என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாய். அதில் தயங்க என்ன இருக்கிறது? அந்தப் பங்கு காப்பீட்டில் வராது, நாங்கள் தருகிறோம். அப்பாவும் சரி என்றுவிட்டார். உன் மாமியாரிடம் நானே பேசுகிறேன்.

அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் சின்னவனைத் தூக்கக்கூடாது என்பார்கள். நான் வந்து இருக்கிறேன். தேதி முடிவானதும் சொல், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா