கால் ஊன்றிப் பார்த்து வாங்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நீ தொலைபேசியில் சொன்ன மூன்று மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும் இரண்டு நாட்கள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பேசும்போது "அம்மா, வேறு யாராவது வாங்கிவிடுவார்கள்" என்று நீ இடையில் புகுந்துவிடுகிறாய். எழுத்திலென்றால் நான் முடிக்கும்வரை நீ பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

உன் அலுவலகத்தில் ஒருவர் விற்கும் பல்சர் 150, நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுப் பிள்ளை ஓடிய டியோ, சாகாமத்து விவசாயி ஒருவர் தருவதாகச் சொன்ன சிடி 100. பெண்பிள்ளைக்கு ஸ்கூட்டர்தான் வசதி என்று எல்லோரும் டியோவைக் காட்டுகிறார்கள் என்றாய். நீ சிடி 100 ஐ எடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அதன் பதிவுப் புத்தகமும் உடம்பும் நான் கீழே எழுதுவதுபோல இருந்தால் மட்டுமே.

ஸ்கூட்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிளச்சும் கியரும் இல்லாததால் ஒரு வாரத்தில் பழகிவிடலாம்; சேலை உடுத்தும் நாளில் அதைப்போல வசதி வேறில்லை. நீ திருக்கோவிலில் கந்தோருக்கும் கடைக்கும் மட்டும் போய் வருபவளாக இருந்தால் நானும் டியோவைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நீ விவசாயப் போதனாசிரியர். உன் வேலை தார்வீதி முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது. அந்த டியோவின் சில்லு 10 அங்குலம், சிடி 100 இன் சில்லு 17 அங்குலம். கிரவல் வீதியில் உழவு இயந்திரம் போன தடத்துக்குள் சிறிய சில்லு இறங்கினால் அது ஏறி வராது, அந்தத் தடம் போகும் பக்கத்துக்கே உன்னையும் இழுத்துக்கொண்டு போகும். நான் குடும்பநல உத்தியோகத்தராகப் படுவான்கரையில் வேலை செய்த காலத்தில் ஓடியது சின்னச் சில்லுள்ள பழைய ஹொண்டா சாலி என்பது உனக்கு நினைவிருக்கும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அதை வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏற்றித்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் கொண்டுபோவேன். ஒரு மாரிக்குப் பிறகு, குழந்தைகளை நிறுக்கும் தராசைப் பின்னால் கட்டிக்கொண்டு போகையில் முன்சில்லு தடத்துக்குள் இறங்கி, நான் ஒரு பக்கமும் தராசு மறுபக்கமுமாக விழுந்தோம். முழங்காலில் உள்ள தழும்பு எதுவென்று சின்ன வயதில் நீ கேட்டபோது நான் சொன்ன கதை வேறு, இதுதான் உண்மை.

பல்சரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அது நல்ல வாகனம், ஆனால் 140 கிலோவுக்கு மேல் பாரம். வரம்போரத்தில் அது சரிந்தால் நீ தனியாகத்தான் நிமிர்த்த வேண்டும். அலுவலகத்து நண்பர் விலையைக் குறைத்துத் தருகிறார் என்பது அவருடைய நல்ல மனத்தைக் காட்டும், உன் கைப்பலத்தைக் கூட்டாது. எந்த வாகனமானாலும் விலை பேசுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்து பார். வயலுக்குப் போடும் அதே சப்பாத்தோடு ஏறி இருந்து, இரண்டு பாதங்களும் நிலத்தில் பதிகின்றனவா, விரல்நுனி மட்டும் தொடுகிறதா என்று கவனி; பழகத் தொடங்குபவள் விழுவது பெரும்பாலும் ஓடும்போதல்ல, நிற்கும்போதும் திரும்பும்போதுமே. அடுத்ததாக, எஞ்சினை அணைத்து, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, படலைக்கு முன்னால் உள்ள சிறு ஏற்றத்தில் பின்பக்கமாக உருட்டிப் பார். யாரும் கை கொடுக்காமல் உன்னால் அது முடிய வேண்டும்.

பெற்றோல் கணக்கையும் மறந்துவிடாதே. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். நல்ல நிலையில் உள்ள 100 சிசி வண்டி அந்த 4 லீற்றரில் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. ஸ்கூட்டர் வைத்திருந்த நம் அயலவர்கள் வெள்ளிக்கிழமையே நடக்கத் தொடங்கினார்கள். அப்படியொரு காலம் திரும்பக்கூடாது என்றுதான் நானும் வேண்டுகிறேன், ஆனாலும் மாதச் சம்பளத்தில் வாழ்கிறவள் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஏ1 வகுப்பை எழுதிவிடாதே. அது 100 சிசி வரைக்குமே செல்லும். டியோவே 109 சிசி. சிடி 100 என்று பெயர் இருந்தாலும் அதன் புத்தகத்தில் எழுதியிருக்கும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துக்கொள். எப்படியும் ஏ வகுப்புக்கே போவதுதான் நல்லது.

இனிப் புத்தகம். எஞ்சினைத் திறந்து செய்துவிடலாம், ரயரை மாற்றிவிடலாம், ஆனால் பேப்பர் பிழையாக இருந்தால் மெக்கானிக் யாரிடமும் கொண்டுபோக முடியாது. என் சாலியை ஓபன் பேப்பரில்தான் வாங்கினேன். எனக்கு விற்றவர் அதைத் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. புத்தகத்தில் இருந்தவர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களைத் தந்துவிட்டு மத்திய கிழக்குக்குப் போயிருந்தார். பத்து வருடங்கள் கழித்து நான் விற்கப் போனபோது அந்தப் படிவங்கள் மடிப்பில் கிழிந்திருந்தன, அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் என்னிடம் இல்லை. கடைசியில் சாலி உதிரிப்பாகங்களின் விலைக்குத்தான் போனது. ஆகவே, புத்தகத்தில் பெயர் உள்ளவரே உன் முன்னால் வந்து நின்று, தன் அடையாள அட்டையைக் காட்டி, உன் கண்முன் கையொப்பமிட வேண்டும். கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து உன் பெயருக்கு மாற்றிவிடு. புத்தகத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால் லீசிங் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயரை நீக்கவில்லை என்று பொருள். அது நீங்கும்வரை ஒரு சதமும் முற்பணம் கொடுக்காதே. ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும் சேஸி இலக்கத்தைச் சேற்றைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் புத்தகத்தோடு ஒப்பிடு, எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே பார். வருடாவருடம் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரம் எப்போது முடிகிறது என்று கேள். புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள், விட்டுப்போன காலத்தின் நிலுவையும் உன் தலையில்தான் விழும்.

வாகனத்தைப் பார்க்க மாமாவைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். விற்பவருக்கு நேரத்தைச் சரியாகச் சொல்லாதீர்கள். காலையில் அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்விட வேண்டும். போனதும் முதலில் எஞ்சினைக் கையால் தொட்டுப் பார். சூடாக இருந்தால், குளிரில் அது உதைக்கு எழும்புவதில்லை என்பதை அவர் உனக்குக் காட்ட விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எழும்பிய பிறகு சைலன்சரில் நீலம் பாய்ந்த புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஓயிலைக் குடிக்கிறது. அந்த வாகனத்தை விட்டுவிடு.

நம் கரைக்கே உரிய மூன்று நோய்கள் உண்டு, கொழும்பில் வாங்குபவர்களுக்கு இவை அவ்வளவாகத் தெரியாது. முதலாவது உப்புக்காற்று. பெற்றோல் தாங்கியின் மேற்பக்கம் கண்ணாடிபோல மின்னும், ஆனால் இருக்கையைக் கழற்றி அடிச்சட்டத்தையும், ஸ்டாண்ட் பொருத்திய இடத்தின் வெல்டிங்கையும், சேற்றுக்காப்பின் உட்பக்கத்தையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும். இரண்டாவது வெள்ளம். மீற்றர்க் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருக்கிறதா, காற்று வடிகட்டிப் பெட்டியின் மூலையில் காய்ந்த சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார். ஓயில் மூடியைத் திறந்தால் ஓயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மூன்றாவது நெல்மூடை. சாகாமத்து விவசாயியின் வாகனம் என்பதால் இதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அறுவடைக் காலத்தில் பின்னிருக்கையில் மூடை ஏறாத மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கம் இருக்காது. மாமா ஓட, நீ இன்னொரு வாகனத்தில் பின்னால் போய், இரண்டு சில்லுகளும் ஒரே கோட்டில் போகின்றனவா என்று பார். பின்சில்லு சற்று ஒதுங்கி ஓடினால் சட்டம் வளைந்திருக்கிறது. பின் சொக்கப்சோர்பரை அமர்ந்து அழுத்தினால் அது மெதுவாக எழும்ப வேண்டும், துள்ளக்கூடாது. ஓயில் கசிவும் இருக்கக்கூடாது.

மீற்றரில் உள்ள கிலோமீற்றரை நம்பாதே. கால் வைக்கும் ரப்பரும் பிறேக் பெடலும் கைப்பிடியும் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்க, மீற்றர் மட்டும் பதினெட்டாயிரம் என்று சொன்னால், பெடல் சொல்வதே உண்மை. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. நிலத்தைப் பிடிக்கும் வெட்டுப்பூ நிறைய இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் கல்லாகியிருக்கும், தார்வீதியில் நெல் காயப்போடும் காலத்தில் அது உன்னை வழுக்கிவிடும். ரயரும் செயினும் பழுதென்பதற்காக வாகனத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது முதல் பழைய வாகனங்களின் விலை ஏறி நிற்கிறது. 2025 இல் திரும்ப அனுமதித்த பிறகும் விற்பவர்கள் பழைய நினைப்பிலேயே விலை சொல்கிறார்கள். அதனால் அவசரப்படாதே. சிடி 100 சரியில்லை என்று மாமா சொன்னால் டியோவுக்கு ஓடாமல், இன்னொரு சிடி 100 ஐயோ அதே ரகமான ஸ்பிளெண்டரையோ தேடு. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் அவை கிடைக்காத வாரம் இல்லை.

தலைக்கவசத்தை மட்டும் வாகனத்தோடு இலவசமாகத் தருகிறார்கள் என்று வாங்கிவிடாதே. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை அடிபட்டு நசுங்கினால் மீண்டு வராது, வெளியே கீறல்கூடத் தெரியாது. புதியதை நான் இங்கே வாங்கி மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். புருவத்துக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி அளந்து, எத்தனை சென்ரிமீற்றர் என்று வியாழக்கிழமைக்குள் சொல். தலைமுடியைப் பின்னிக்கொண்டு அளக்க வேண்டும், கொண்டை போட்டு அல்ல.

அன்புடன்,
அம்மா