பத்திர எழுத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் தொழில் செய்யும் பத்திர எழுத்தர்களுக்கு வணக்கம்.

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு அக்கா தங்கைகளை வேனில் ஏற்றி உங்களிடம் கூட்டி வருகிறார்களே, சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் எழுதிக் கொடுக்கும் அந்த விடுதலைப் பத்திரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் நான். அவற்றில் சில பிற்பாடு வழக்காகி எங்கள் மேஜைக்கு வருகின்றன.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையெழுத்துப் போட வரும் பெண்ணுக்குத்தான் தெரியாது. நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அதோடு பங்கு முடிந்தது என்றே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் 2 ஏக்கர் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவின் தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்றால் ஆளுக்கு 50 சென்ட். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வியே அதில் கிடையாது.

பூர்வீகச் சொத்தில்தான் குழப்பம் அதிகம். 1989-க்கு முன்பே கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது அந்த ஆண்டின் தமிழ்நாடு திருத்தத்தில் இருந்த நிபந்தனை. 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே நடந்த விற்பனை, பதிவான பாகப்பிரிவினை, நீதிமன்றத் தீர்ப்புப்படி நடந்த பாகப்பிரிவினை போன்றவற்றை இது தொடாது.

பட்டா அண்ணன் பேருக்கு மாறியாச்சே என்பார்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது பேர் மாறியதாலேயே தங்கையின் பங்கு போய்விடாது.

பங்கு உண்மையிலேயே போவது உங்கள் மேஜையில்தான். ‘சுயபுத்தியுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே அண்ணன் உட்கார்ந்திருப்பார். ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக ஒரு தொகையும் இருக்கும். அது அவள் கைக்கு வந்ததா என்பது வேறு கதை. பிறகு அதை ரத்து செய்ய, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஏமாற்றப்பட்டேன் என்று நிரூபிக்கும் பாரமும் அவள் தலையில்.

அப்பா இருக்கும்போதே, அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு மகளிடம் விடுதலை எழுதி வாங்குவதும் நடக்கிறது. வருங்காலத்தில் கிடைக்கக்கூடிய வாரிசு வாய்ப்பைக் கைமாற்ற முடியாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 6, சொல்கிறது. அதைத் தெரிந்தும் எழுதிக் கொடுப்பது சரியா?

மனமுவந்து விட்டுக்கொடுக்கும் சகோதரிகள் நிறையவே இருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அம்மாவும் கையெழுத்துப் போட்டால் மட்டும் கொஞ்சம் பதறுகிறது. நாளை மருமகள் வைத்ததுதான் சட்டம்.

எழுத்துக்கூலி கொடுப்பவர் அண்ணன்தான், தெரியும். இருந்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள். வரைவை இரண்டு நாள் முன்பே அவள் கையில் கொடுங்கள். எத்தனை சென்ட், வழிகாட்டி மதிப்புப்படி எத்தனை ரூபாய் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். படித்துக் காட்டும்போது அண்ணனை வெளியே டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.