கணினி திணறும்போது பார்க்கவேண்டியது த்ரெட்டுகளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி திணறினால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு பயன்பாட்டில் அதிகச் சதவீதம் காட்டும் புரோகிராமை மூடிவிடலாம் என்று தங்கள் கணினிப் பக்கத்தில் ஆலோசனை வெளியாகியிருந்தது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் மென்பொருள் எழுதுவோரும் சர்வர்களைப் பராமரிப்போரும் அதோடு நின்றுவிட்டால், கோளாறின் காரணம் கடைசிவரை பிடிபடாது.

அந்தச் சதவீதத்தை நம்பியே பலர் வழிதவறுகிறார்கள். ஒரு புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைத்தொடர்களே த்ரெட்டுகள். எட்டு லாஜிக்கல் ப்ராசசர்கள் (இயங்குதளம் தனித்தனி சிபியுவாகக் கணக்கிடுபவை) உள்ள கணினியில் ஒரே ஒரு த்ரெட் முடிவில்லாத லூப்பில் சிக்கி, ஒரு ப்ராசசரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டாலும், விண்டோஸின் கணக்கில் அது ஏறத்தாழ 12.5 சதவீதமாகத்தான் தெரியும். பார்ப்பவர் சிபியு சும்மாதான் இருக்கிறது என்று முடிவுகட்டி, நெட்வொர்க்கையோ டிஸ்க்கையோ சந்தேகிக்கப் போய்விடுவார். ஒரு த்ரெட் பிடித்துவைத்திருக்கும் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) மற்றொன்றும், அது வைத்திருக்கும் லாக்குக்காக முதலாவதும் காத்திருக்கும் டெட்லாக்கிலோ, அந்தத் த்ரெட்டுகள் சிபியுவைத் தொடுவதே இல்லை. சதவீதம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்க, புரோகிராம் உறைந்துபோய்க் கிடக்கும்.

இவற்றைக் கண்டறிய விலைகொடுத்துக் கருவி வாங்கவேண்டியதில்லை, சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றே போதும். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் கெட்-ப்ராசஸ் கட்டளை தரும் விவரங்களுக்குள் ஒவ்வொரு த்ரெட்டின் எண்ணும், நிலையும், அது எடுத்துக்கொண்ட சிபியு நேரமும் அடங்கியிருக்கின்றன. பைத்தானில் எழுதுவோருக்கு பிஎஸ்யூட்டில் என்னும் தொகுப்பு விண்டோஸிலும் லினக்ஸிலும் த்ரெட் எண்ணையும் சிபியு நேரத்தையும் எடுத்துக்கொடுக்கும். லினக்ஸில் தொகுப்பேதும் இன்றி, இயங்கும் புரோகிராம்களின் விவரங்களைத் தரும் ப்ராக் (/proc) அடைவில் த்ரெட்டுக்கு ஒன்றாக இருக்கும் ஸ்டாட் கோப்பை நேரடியாகவே படிக்கலாம். அதன் ஒரே வரியில் இடைவெளிவிட்டு வரும் புலங்களில் (மதிப்புகளில்) 14, 15ஆம் புலங்கள்தான் சிபியு நேரம், பெரும்பாலும் நொடியில் நூறில் ஒரு பங்கு என்னும் அலகில். அங்கே ஒரு பொறி உண்டு. இரண்டாம் புலமான பெயருக்குள் இடைவெளி வரலாம் என்பதால், வரியை இடைவெளிகளில் அப்படியே உடைத்தால் புலங்கள் இடம்மாறி, தவறான எண்ணை நேரமென்று எடுத்துக்கொள்ள நேரிடும். பெயரைச் சுற்றியுள்ள கடைசி அடைப்புக்குறிக்குப் பிறகே உடைக்கவேண்டும்.

இதைவிட முக்கியமானது, அந்த நேரம் த்ரெட் பிறந்ததிலிருந்து கூடிக்கொண்டே வரும் மொத்தம் என்பது. ஒருமுறை மட்டும் படித்தால், காலையில் கடுமையாக உழைத்துவிட்டு இப்போது உறங்கும் த்ரெட்டே பட்டியலின் உச்சியில் நின்று, குற்றவாளிபோலத் தோன்றும். ஆகவே ஒருமுறை படித்து, இரண்டு நொடி பொறுத்து மறுபடி படித்து, த்ரெட் எண் வாரியாக வித்தியாசத்தைக் கணக்கிடவேண்டும். இடையில் முடிந்துபோன த்ரெட்டுகளையும் புதிதாகத் தோன்றியவற்றையும் ஸ்கிரிப்ட் தடுமாறாமல் கையாளவேண்டும். நொடிக்குப் பலமுறை படிக்கும் ஆசை வேண்டாம். நூற்றுக்கணக்கான த்ரெட்டுகள் கொண்ட ப்ராசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில்) அந்தக் கண்காணிப்பே சுமையாகிவிடும்.

எந்தத் த்ரெட் என்று தெரிந்தபின், அது எந்த வரியில் நிற்கிறது என்பதைப் பைத்தான் புரோகிராம்களில் ஃபால்ட்ஹேண்ட்லர் என்னும் மாட்யூல் காட்டிக்கொடுக்கும், பைத்தானின் 3.3 பதிப்பிலிருந்தே அது உடன் வருகிறது. இருந்தும் பலர் அதைத் தொடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

தங்கள் கணினிப் பக்கம் மாணவர்களும் படிக்கும் பக்கம். ஆகவே இத்தகைய ஸ்கிரிப்ட் ஒன்றை வரிக்குவரி விளக்கத்துடன் முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியிலுள்ள வாசகர்