பவானிசாகரில் காலியாக விடப்படும் மூன்றடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பவானிசாகர் அணையின் நீர்மட்டம் 102 அடியைத் தொட்டதும், 105 அடி வரை தேக்க இடமிருக்கும்போது உபரி நீரை ஏன் ஆற்றில் விட்டு வீணாக்க வேண்டும் என்ற கேள்வி கீழ்பவானிப் பாசனப் பகுதியில் எழுவது வழக்கம். அக்டோபர் முடியும்வரை 102 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்பது விதி. வாய்க்கால் தண்ணீரை நம்பிப் பயிர் செய்யும் நானும் பல ஆண்டுகள் அதே கேள்வியைக் கேட்டவன்தான். இப்போது அந்த மூன்றடியில் கைவைக்கக் கூடாது என்பேன்.

அந்த மூன்றடியில் சுமார் இரண்டரை டி.எம்.சி. (250 கோடி கனஅடி) தண்ணீர் கொள்ளும். மாயாறும் பவானியும் ஒரே இரவில் பெருகி, மதகுகள் வெளியேற்றுவதைவிட வினாடிக்கு 25,000 கனஅடி கூடுதலாக வந்தால்கூட, ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகவே அதை உள்வாங்கிக்கொள்ள இந்த இடம் போதும். சத்தியமங்கலம் முதல் பவானி கூடுதுறை வரை கரையோரம் குடியிருப்பவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு மேடேறக் கிடைக்கும் அவகாசமும் அதுதான்.

1955-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் பெரும்பகுதி மண்கரை. கற்கட்டின் மேல் வெள்ளம் வழிந்தால் சிறிது நேரமாவது தாக்குப்பிடிக்கும், மண்கரையோ கரைந்துவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு-2 அணையில் நடுவிலிருந்த கற்கட்டு இடியாமல் நின்றது. இருபுறமும் இருந்த மண்கரைகள் அடித்துச் செல்லப்பட, மோர்பி நகரமே வெள்ளத்தில் மூழ்கியது.

வழிந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. மாலையில் வரப்பில் விரல் நுழையுமளவு இருந்த நண்டு வளை, விடிவதற்குள் மடை அகலத்துக்கு உடைந்துகிடப்பதை நெல் வயல் வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். பெரிய கரையிலும் எலி வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர் விட்டுச்சென்ற துளை ஆகியவை அதே வேலையைச் செய்யக்கூடியவை. மண் அணையில் கசிவு இருப்பது இயல்பே; அது தெளிந்து வரும்வரை பயமில்லை. கலங்கி வரத் தொடங்கினால், உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். ஆகவே நாள்தோறும் வெளியிடப்படும் நீர்மட்டம், நீர்வரத்து விவரங்களோடு கசிவுநீரின் அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வைக் கட்டாயமாக்குகிறது. ஒவ்வொரு பெரிய அணைக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் வகுக்கவும் சொல்கிறது. அந்தத் திட்டம் அலுவலகக் கோப்போடு நின்றுவிடாமல், எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும், எந்த வழியாக எங்கே போய்த் தங்குவது என்ற விவரங்களோடு தமிழில் அச்சிடப்பட்டு, ஆற்றோர ஊராட்சிகள் அனைத்திலும் ஒட்டப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறையாவது ஒத்திகையும் நடத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்பவானிப் பாசன விவசாயி ஒருவர்,
ஈரோடு மாவட்டம்